உயில் வேண்டாம், கையெழுத்துப் போட வா

செந்தில்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு டெலிபோனில் நீ கத்திய கத்தலிலேயே உன் நலம் எனக்குத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. ரிசீவரை வைத்ததும் அந்த அம்மா பாவம், ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு டம்ளர் காப்பியை என் கையில் கொடுத்தாள். "பெள்ளிகி முந்து இவன்னீ எந்துக்கம்மா?" என்று கேட்டாய். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் நின்றுபோய்த் தெலுங்கு வந்துவிடுகிறது, சின்ன வயதிலிருந்தே. கல்யாணத்துக்கு முன்னால் இதெல்லாம் எதற்கு என்கிறாய். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் பம்பாய் லைன் அறுந்துவிட்டது. அறுந்ததா, நீயே வைத்துவிட்டாயா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. பதிலை எழுதி அனுப்புகிறேன். எழுதினால் நீ நடுவில் பேச முடியாது. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. உன் அப்பா படித்துவிட்டார், உன் அக்கா கோமதியும் படித்துவிட்டாள்.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் காதில் வாங்கினேனா, பார்த்துக்கொள். கல்யாணத்தை வைத்துக்கொண்டு சொத்தை எழுதினால் அபசகுனம். அப்பா இன்னும் திடமாகத்தானே இருக்கிறார். அதற்கு மேல், நிர்மலாவின் அப்பா உன்னிடம் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார், நீயும் குகட்பள்ளி வீடு உன் பெயருக்குத்தான் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறாய். அதனால் இப்போது பத்திரம், பதிவு என்று எதுவும் வேண்டாம். அப்பா ஓர் உயில் எழுதி அலமாரியில் வைத்தால் போதும். அதில் அக்காவுக்குக் கீழ்வீட்டையோ வேறு எதையோ எழுதிக்கொள்ளட்டும், உனக்குக்கூடச் சொல்ல வேண்டாம், பெண் வீட்டாருக்கும் தெரிய வேண்டாம். இவ்வளவுதானே? இதைச் சொல்ல உனக்கு டிரங்க் கால் செலவு வேறு.

உயில் என்ற சொல்லை இனி என்னிடம் சொல்லாதே. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று உனக்குத் தெரியாது. அந்த வருஷங்களில் நீ ஹாஸ்டலில் இருந்தாய். லீவுக்கு வந்தபோதும் கிரிக்கெட் கமெண்டரி கேட்டுக்கொண்டிருந்தாய். வீட்டில் பெரியவர்கள் எதற்காக அடிக்கடி மெட்ராஸ் போகிறோம் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை.

என் அண்ணன், உன் பெரிய மாமா, ஹைதராபாத்தில் ஆலை தொடங்கிய காலத்திலேயே வேலைக்கு வந்தவர். பிறகு உன் அப்பாவையும் அழைத்துச் சேர்த்துவிட்டார். அவர்கள் குடியிருந்த குஷாய்குடாவில் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். அவர் இங்கிலீஷ் அப்படி. அவருக்கும் சொர்ணம் மதினிக்கும், அதாவது உன் அத்தைக்கும், பிள்ளை இல்லை. மெட்ராஸில் மேற்கு மாம்பலத்தில் ஒரு சின்ன வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதே தெருவில்தான் மதினியின் தங்கை இருந்தாள். அவளும் தனி ஆள். ஓய்வுபெற்றதும் அங்கே போய்விடுவோம், அக்காளும் தங்கையும் ஒரே தெருவில் இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மிகுந்த யோசனையுடன் உட்கார்ந்து உயில் எழுதினார். வீடு, பணம், பாத்திரம் பண்டம் எல்லாம் என் மனைவிக்கு. எங்களுக்குப் படித்துக் காட்டினார். நமக்குள் இப்படி முன்யோசனை உள்ள ஆள் ஒருவர் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. மறுநாள் ஆலைக்கு எடுத்துப் போய், கேண்டீனில் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்த்த இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.

ஓய்வுபெறும்வரை அவர் இருக்கவில்லை. வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். காரியமெல்லாம் முடிந்ததும் நானும் உன் அப்பாவும் மதினியை மெட்ராஸுக்கு அழைத்துப் போனோம். வாடகைக்காரரிடம் சொல்ல வேண்டுமே. மதினி உயிலை எடுத்து நீட்டினாள். "பாருங்க, எல்லாத்தையும் எம்பேருக்கு எழுதி வச்சிட்டுத்தான் போயிருக்காவ" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அந்த மனிதர் அதை வாங்கி நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார். "உயில் இருக்குன்னா புரொபேட் வாங்கிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் வாடகையை யார் கையில குடுக்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் அந்தச் சொல்லே புதிது.

அங்கேயே ஒரு வக்கீலிடம் போனோம். உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் பார்த்து முத்திரை போட்டுத் தருவதற்குத்தான் புரொபேட் என்று பெயர் என்றார். ஹைதராபாத்திலேயே எழுதி, ஹைதராபாத்துச் சொத்தைப் பற்றி மட்டும் சொல்லும் உயிலுக்கு அது தேவையில்லையாம். மெட்ராஸ் நகரத்துக்குள் இருக்கும் வீடு உயிலில் வந்தால் ஹைகோர்ட்டுக்குப் போயே ஆக வேண்டுமாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அப்படியாம். அதோடு விட்டிருந்தால்கூட நான் ஆறியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மதினியைப் பார்த்து, "உங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது, அவங்க அம்மாவும் இல்லை. உயிலே எழுதாம இருந்திருந்தா நீங்க ஒருத்தர்தானேம்மா வாரிசு? சர்டிபிகேட் வாங்கிப் பேரை மாத்திட்டுப் போயிருக்கலாம். இப்ப உயிலை வெளியில காட்டிட்டீங்க. இனிமே அதை இல்லைன்னு சொல்ல முடியாது" என்றார். அண்ணன் எழுதாமல் விட்டிருந்தாலே அவளுக்கு வந்திருக்கும் வீடு! எழுதி வைத்ததால் கோர்ட்டில் நிற்கிறாள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறிய பிறகு மதினி, "அவுகளை ஒண்ணும் சொல்லிராதிய" என்று மட்டும் எங்களிடம் சொன்னாள்.

சாட்சிகளில் ஒருவராவது, உயில் முறைப்படி எழுதப்பட்டது என்று சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். ஒருவர் இறந்துபோயிருந்தார். இன்னொருவர் நாயர். வடக்கே எங்கேயோ மாற்றலாகிப் போய், அங்கேயே ஓய்வுபெற்று, சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. உன் அப்பா தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எழுதிக்கொண்டே இருந்தார். பாலக்காட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் இருப்பதாகத் தெரிந்து, நேரில் போய்க் கெஞ்சி மெட்ராஸுக்கு அழைத்து வந்தார். மனிதருக்கு முழங்கால் வலி. ஆனாலும் அண்ணனுக்காக வந்தார். வக்கீல் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்ததை நீட்டினார். நாயர் படித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டார். "இதில் ஞான் கையொப்பிட மாட்டேன். என் முன்னால கையெழுத்துப் போட்டார்னு எழுதியிருக்கு. ஞான் பாக்கலை" என்றார்.

உன் அப்பா, "என்னங்க இது, கேண்டீன்ல நீங்கதான போட்டிய?" என்று கிட்டத்தட்ட அழுதார். "போட்டேன். அவர் எடுத்துட்டு வரும்போதே அவர் கையெழுத்து அதில இருந்தது. பாக்காததைப் பாத்தேன்னு ஞான் எப்படிச் சத்தியம் செய்ய?" என்றார் நாயர். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் மட்டும் பதறவில்லை. "சரி சார். கொண்டு வந்து வைக்கும்போது அவர் என்ன சொன்னார்? ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். நாயர் யோசித்தார். "சாம்பார் சிந்திடப் போகுது, ஜாக்கிரதைன்னு சொன்னார். பின்னே, நாயர், இது என் உயில், நான் கையெழுத்துப் போட்டாச்சு, நீரும் போடும்னு சொன்னார்." வக்கீல் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அது போதும் சார். தான் போட்ட கையெழுத்துதான்னு அவரே உங்ககிட்ட ஒத்துக்கிட்டார் இல்லையா? அதைத்தான் சட்டம் கேக்குது. நடந்ததை நடந்தபடியே எழுதுவோம்." திரும்ப டைப் அடித்தார்கள். நாயர் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுப் போட்டார். அன்றைக்குச் சாம்பார் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது ஒரு வார்த்தையை அண்ணன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதோடு முடிந்ததா? மதிப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பேப்பரில் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை என்றார்கள். கொடுத்த காகிதத்தில் ஒரு இனிஷியல் தவறு என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் மதினியின் தங்கை வீட்டில்தான் தங்குவோம். அவள் எங்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, வாடகைக்காரர் போனதும் எந்த அறைக்கு என்ன சுண்ணாம்பு அடிக்கலாம் என்று அக்காளிடம் பேசிக்கொண்டிருப்பாள். அந்தத் தங்கை ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கோர்ட் ஆர்டர் அதற்குப் பிறகுதான் வந்தது. வாடகைக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். மதினி உள்ளே போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். வாசலுக்கு வந்து தங்கை இருந்த வீட்டுப் பக்கம் திரும்பினாள். அங்கே கொடியில் யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. "ஏளா, பூட்டிட்டு வா. நம்ம ஊருக்குப் போவோம்" என்றாள் என்னிடம். நம்ம ஊர் என்று அவள் சொன்னது ஹைதராபாத்தை. வீட்டை விற்றுவிட்டாள். குஷாய்குடாவில் தனியாகத்தான் இருக்கிறாள் இன்றைக்கும். உன் கல்யாணத்துக்கு வருவாள். அவள் காலில் விழும்போது இதை நினைத்துக்கொள்.

திரும்பி வரும் ரயிலில் உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "இந்தா பாரு, நமக்கும் வில்லிவாக்கத்துல ஒரு மனை கிடக்கு. ஊருக்குப் போனதும் நானும் ஒரு உயில் எழுதி வச்சிருதேன்" என்றார். பெட்டியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி நான் கத்தினேன். இவ்வளவு நேரம் என் கூட மெட்ராஸில் இருந்தது இந்த மனிதர்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. அந்த மனையை விற்றுத்தான் குகட்பள்ளி வீட்டுக்கு மாடி கட்டினோம். அப்போதும் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய், மெட்ராஸில் நமக்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டதே என்று. மெட்ராஸில் ஒன்றும் இல்லாததுதான் எனக்கு வேண்டியிருந்தது, செந்தில்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பாங்குக் கணக்குகளை எல்லாம் இரண்டு பேர் பெயருக்கும் மாற்றினேன், உயிரோடு இருப்பவர் எடுத்துக்கொள்ளும்படி. உன் அப்பா ஓய்வுபெறுவதற்கு முன்னால், பி.எஃப். பணத்துக்கு யாரை நாமினியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "உன்னத்தான், வேற யாரை?" என்று என்னைக் காட்டினார். எதற்கும் ஆபீஸில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று மூன்று மாதம் நச்சரித்த பிறகு போய்ப் பார்த்தார். வேலைக்குச் சேர்ந்த அன்று எழுதிக் கொடுத்தது அப்படியே இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு எழுதியது. அவர் அம்மா பெயர். அந்த அம்மா இறந்து எத்தனை காலம் ஆகிவிட்டது! வீட்டுக்கு வந்து அசடு வழிய நின்றார். அப்பா இந்த லட்சணம், பிள்ளை நீ எனக்கு அபசகுனம் பற்றிப் பாடம் எடுக்கிறாய்.

பாக்கி இருந்தது இந்த வீடு ஒன்றுதான். இங்கே ஒரு வக்கீலிடம் போய்க் கேட்டேன். தெலுங்குக்காரர், பொறுமைசாலி. இங்கே உயிலுக்குப் புரொபேட் தேவையில்லை, ஆனால் நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் சாட்சி, கோர்ட் எல்லாம் வரத்தான் செய்யும். சண்டையே வேண்டாம் என்றால் உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள் என்றார். மாடி உனக்கு, கீழ்வீடு கோமதிக்கு. நாங்கள் இருக்கும்வரை எங்கள் அனுபவத்தில். எங்களுக்குப் பிறகு யாரும் எந்தக் கோர்ட் வாசலையும் மிதிக்க வேண்டாம். இதை உன் அப்பாவிடம் சொன்னால், "எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு நம்மள வெளிய போன்னு சொல்லிட்டாம்னா?" என்கிறார். உன்னைத்தான் சொல்கிறார்! நான் உனக்காக ஒரு மணி நேரம் பரிந்து பேசினேன். கோமதியைக் கூப்பிட்டுச் சொன்னால், "எனக்கு எதுக்கும்மா, தம்பிக்கே குடுங்க" என்று அவள் ஆரம்பித்தாள். ஊரில் எல்லாப் பெண்களும் ஒப்பிக்கும் அதே வசனம். அவள் புருஷன் ஓய்வுபெற்ற அன்றே குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள், அப்போது எங்கே போவாய் என்று கேட்டேன். "சரிம்மா" என்றாள். ஒருவழியாக எல்லோரையும் சரிக்கட்டி வந்த நேரத்தில்தான் உன் டிரங்க் கால்.

நிர்மலாவின் அப்பாவுக்கு நீ சொன்னதைத் திருத்தாமல் எனக்குத் தூக்கம் வராது. செவ்வாய்க்கிழமை, வக்கீல் எழுதிக் கொடுத்திருந்த பத்திர நகலைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி செகந்திராபாத் போனேன். அவர் அப்போதுதான் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "வீடு முழுக்க என் மகனுக்கு இல்லைங்க. பாதி என் மகளுக்கு. அவன் உங்ககிட்ட வேற மாதிரி சொல்லியிருக்கான். அது தப்பு" என்று நேராகச் சொல்லிவிட்டேன். அவர் திகைத்துப்போய், "ஐயோ சம்பந்தி, நான் வீடு யார் பேர்லன்னு எங்க கேட்டேன்? லீவுல வந்தா பொண்ணு எங்க தங்கும், வாடகை வீடா சொந்த வீடான்னு கேட்டேன். அவ்ளோதான்" என்றார். கேட்டாயா? மனிதர் கேட்காத கேள்விக்கு நீ பதில் சொல்லி, அந்தப் பதிலைக் காப்பாற்றுவதற்கு எங்களை உயில் எழுதச் சொல்கிறாய்.

நிர்மலா டீ கொண்டு வந்தாள். பையில் எட்டிப் பார்த்த காகிதத்தைக் கண்டுவிட்டு, "ஆன்ட்டி, நான் பாக்கலாமா? பாங்க்ல தினம் இதான் பாக்கறேன்" என்றாள். கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டாம் பக்கம் போனவள் திரும்ப முதல் பக்கத்துக்கு வந்தாள். "அங்கிள் இருக்கற வரைக்கும் அவர் வீட்ல இருக்கலாம்னு போட்டிருக்கு. இதுல உங்க பேரே இல்லையே, கைக்கு?" என்றாள். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், கைக்கு என்றால் ஏன் என்று அர்த்தம். எனக்கு முதலில் புரியவில்லை. "அங்கிளுக்கு அப்புறம் நீங்க எங்க இருப்பீங்க ஆன்ட்டி?" என்று மறுபடி கேட்டாள். வீடு அவர் பெயரில் இருக்கிறது, அதனால் வக்கீல் அவரை மட்டும் எழுதியிருக்கிறார் போல என்றேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்றேன். "நக்கோ ஆன்ட்டி, அதெல்லாம் வேணாம்" என்றாள், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. "பாத்துக்குவாங்கன்னா, அதை எழுதறதுல அவங்களுக்கு என்ன கஷ்டம்?"

எத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் கத்தியிருக்கிறேன் நான்! உன் அப்பாவிடம், கோமதியிடம், உன்னிடம். அந்தக் காகிதத்தை நான்தான் எழுதச் சொன்னேன், நான்தான் வாங்கி வந்தேன், நான்தான் பைக்குள் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் போனேன். நாங்கள் இருக்கும்வரை என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன், காகிதத்தில் அவர் இருக்கும்வரை என்று இருந்ததைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு இன்னும் நான் மாமியார்கூட ஆகவில்லை. மறுநாள் வக்கீலிடம் போய்த் திருத்தி வாங்கினேன். எங்கள் இருவர் ஆயுள்வரையிலும் என்று இப்போது இருக்கிறது, என் பெயரோடு. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தோணலியே, ஏளா" என்றார். அன்றைக்கு எதை எடுத்து வைத்தாலும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

உன் ஆபீஸில் பி.எஃப். நாமினியாக என் பெயரைத்தான் கொடுத்திருப்பாய். கல்யாணமான மறுவாரமே அதை எடுத்துவிட்டு நிர்மலா பெயரை எழுது. எனக்குக் கோபம் வராது. எழுதாவிட்டால்தான் வரும். எந்தச் சொத்து வாங்கினாலும் இரண்டு பேர் பெயரிலும் வாங்கு. அவள் படிக்காத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

வரும் புதன்கிழமை நீ வந்து இறங்குகிறாய். வெள்ளிக்கிழமை காலை சப் ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு. நல்ல நேரம்தான், உனக்காகப் பஞ்சாங்கமும் பார்த்துவிட்டேன். கொடுத்ததை ஏற்றுக்கொண்டேன் என்று நீயும் கோமதியும் கையெழுத்துப் போட வேண்டும். பந்தல்காரன், சமையல்காரன் என்று எந்தச் சாக்கும் சொல்லாதே. இந்தக் கடிதத்தின் ஒரு பிரதி நிர்மலாவுக்கும் போகிறது. வெள்ளிக்கிழமை நீ வரவில்லை என்றால் மாடியை அவள் பெயருக்கே எழுதிவிடுவேன். உன் அப்பாவைக் கேட்டுவிட்டேன். அதுவே உத்தமம் என்கிறார்.

உன் அம்மா